அபர்கெலினில் பத்தாவது ஆள்

அபர்கெலின், வேல்ஸ்
20 அக்டோபர் 1957, ஞாயிறு

அன்புள்ள ஹிண்டா அக்காவுக்கு,

உன் தம்பி செலிக் எழுதுகிறேன். கையெழுத்து மாறிப்போயிருக்கும், ஆனாலும் அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன். நீயும் உன் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. மழை பிடித்தால் இருமல் வந்துவிடுகிறது, மற்றபடி திடம்தான். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இருபத்துநாலு வருஷம் கழித்து இவனுக்கு என்ன வந்தது என்று நீ யோசிப்பாய். பண்டிகைகள் முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தது, எழுதத் தோன்றியது. போன மாதம் சரக்கெடுக்க கார்டிஃப் போனபோது தெரிந்தவர் ஒருவர் சொன்னார், உன் மகன் அங்கே குடிநீர் இலாகாவில் இன்ஜினியராக இருக்கிறானாம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவன் பெயர் என்ன? கல்யாணம் ஆயிற்றா? சனிக்கிழமைகளில் அவனுக்கு வேலை உண்டா?

இன்னொன்று. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எட்டாம் நாள் செய்ய வேண்டியதை அவனுக்குச் செய்தீர்களா?

நூற்றிருபது வயது வரை சுகமாக இரு.

தம்பி,
செலிக்

*

பாங்கர்
27 அக்டோபர் 1957

செலிக்குக்கு,

எல்லோரும் சௌக்கியம். உறையின் மேல் அபர்கெலின் முத்திரையைப் பார்த்ததும் அப்பா போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். உறையை என் வீட்டுக்காரர் இட்ரிஸிடம் கொடுத்தேன், அவர்தான் பிரித்துப் படித்தார். இருபத்துநாலு வருஷம் கழித்து என் தம்பி எழுதுகிறான், அதில் என் பிள்ளைக்கு விருத்தசேதனம் ஆயிற்றா என்று விசாரிக்கிறான். சிரித்துச் சிரித்து இட்ரிஸுக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயிற்று. எட்டாம் நாள் லிவர்பூலுக்கு ரயிலேறிப் போனோம். குழந்தையைத் தூக்கி வந்தவர் இட்ரிஸ். "வலிக்குமேங்க" என்று நான் அழுதேன். "உங்க அப்பாவுக்கு வலிச்சதைவிடக் கம்மியாத்தான் வலிக்கும், விடு" என்றார். தேவாலயத்தில் பாட்டுக்குத் தலைமை தாங்குகிறவர், ரயில்வேயில் சிக்னல்காரர். யூதர் இல்லாத இவரைக் கட்டிக்கொண்டதற்குத்தானே நான் செத்துப்போனேன் என்று சொல்லி, நீயும் அப்பாவும் ஏழு நாள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து துக்கம் காத்தீர்கள்? நீ சட்டையைக் கிழித்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டேன். நீலச் சட்டை. அதைத் தைத்ததும் நான்தான்.

அவன் பெயர் எம்ரிஸ். நம் வழக்கப்படி வைத்த பெயர் அஷேர், அம்மாவின் அப்பா பெயர். கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை வேலையில்லை.

எழுதச் சொன்னது அப்பாவா? அதை மட்டும் சொல். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஹிண்டா

*

அபர்கெலின்
3 நவம்பர் 1957

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அனைவரும் சௌக்கியம் என்று அறிந்து நிம்மதி. அப்பாவின் இருமல் பரவாயில்லை, தேனும் எலுமிச்சையும் கொடுக்கிறோம்.

உடைத்தே சொல்கிறேன். நீ இருந்தபோது ஜெபாலயத்தில் உட்கார இடம் கிடைக்காது, நினைவிருக்கிறதா? இப்போது பெண்கள் மாடத்தில் புறா கூடு கட்டியிருக்கிறது. சுரங்கங்கள் மூடின, கடைகள் மூடின, பிள்ளைகள் எல்லோரும் கார்டிஃப், லண்டன் என்று போய்விட்டார்கள். பஸ்கா பண்டிகைக்குப் பிறகு கடிகாரக்கடை ஃபைவிஷும் போய்ச் சேர்ந்தார். மிச்சம் ஒன்பது ஆண்கள். பத்துப் பேர் கூடாமல் வேதச் சுருளைத் திறக்க முடியாது, இறந்தவர்களுக்குக் கதீஷ் ஜெபம் சொல்ல முடியாது, உனக்குத் தெரியாததா? பண்டிகைக்கு மட்டும் கார்டிஃபிலிருந்து ஒரு ஆளைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். கோப்பல் சகோதரர்கள் இருவரும், எந்த ஜன்னலைத் திறப்பது என்ற சண்டையில் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, ஆனாலும் எண்ணிக்கைக்காக இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக வந்து உட்காருகிறார்கள். வருஷ முடிவுக்குள் பத்தாவது ஆள் கிடைக்காவிட்டால் சுருள்களை எடுத்துப் போய்விடுவதாகக் கார்டிஃப் சபையார் எழுதிவிட்டார்கள்.

அப்பாதான் நாற்பது வருஷமாகக் கதவைத் திறக்கிறவர். சனிக்கிழமை காலையில் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

நம்மில் தாய்வழிதானே. அப்பன் யாராக இருந்தாலும் உன் மகன் நம்மவன். கார்டிஃபிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை வந்தால்கூடப் போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

செலிக்

*

பாங்கர்
10 நவம்பர் 1957

செலிக்,

இங்கே சுகம். கடல் காற்றில் எனக்குக் கொஞ்சம் மூட்டுவலி, அவ்வளவுதான்.

உங்கள் சட்டத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நான் செத்தவள். ஆனால் என் வயிற்றில் பிறந்தவன் பத்தாவது ஆள்! போன யுத்தத்தில் லித்துவேனியாவில் பெரியப்பா குடும்பம் மொத்தமும் போயிற்று, அவர்கள் செத்த தேதி யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தேதி குறித்து வைத்திருக்கிறார் அப்பா. நான் இங்கே மார்க்கெட்டுக்குப் போய் மீன் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இருமலைப் பற்றி நான் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

எம்ரிஸிடம் விஷயத்தைச் சொன்னேன். வரமாட்டேன் என்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். "தாத்தா கூப்பிட்டாராம்மா?" என்றான். "மாமா எழுதியிருக்கான்" என்றேன். "அப்ப தாத்தாவுக்குத் தெரியாமயா எழுதுவாரு? போறேன்மா. எனக்கும் ஒரு தாத்தா இருக்கட்டுமே" என்றான். பிள்ளை ஆசைப்படுகிறான். நானும் ஆசைப்படுகிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்பா என்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். "ஹிண்டா எப்படி இருக்கா" என்றுகூடக் கேட்க வேண்டாம். வாயிலிருந்து "அவ" என்று ஒரு சொல் வந்தால் போதும், நான் மறுபடி உயிரோடு இருக்கிறேன் என்று எடுத்துக்கொள்வேன். அப்படி ஏதாவது சொன்னாரா? ஒளிக்காமல் எழுது.

ஹிண்டா

*

அபர்கெலின்
13 நவம்பர் 1957

அன்புள்ள அக்கா,

உன் மூட்டுவலிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்துப் பார்.

எம்ரிஸ் வருகிறான் என்று கேட்டு ஒன்பது பேருக்கும் தலைகால் புரியவில்லை. அப்பா நேற்று மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டார், "எப்படா வர்றான் அந்தக் கார்டிஃப் பையன்?" என்று. 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பொழுது சாய்வதற்குள் வந்து சேரட்டும். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, ஆகவே மூத்த கோப்பல் வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருக்கிறேன். நான் அவனை ஸ்டேஷனில் பார்க்கிறேன்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

செலிக்

*

பாங்கர்
17 நவம்பர் 1957

அன்புள்ள தம்பி செலிக்குக்கு,

நீயும் அப்பாவும் உன் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். மூன்று தடவை கேட்டாரா? அதைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை வைத்திருந்ததையே மறந்துவிட்டேன். உன்னை என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு வாரமாக எம்ரிஸுக்குக் கடிதத்திலேயே பாடம் நடக்கிறது. எபிரேயம் படிக்கச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், அப்பா உனக்குக் கற்றுக்கொடுத்தபோது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கற்றாள் என்று சொல். நீ அழுதுகொண்டு கற்றாய், நான் அழாமல் கற்றேன்.

வேதம் வாசிக்க அழைக்கும்போது தகப்பன் பெயரைக் கேட்பார்கள் இல்லையா? தகப்பன் நம்மவர் இல்லையென்றால் தாயின் தகப்பன் பெயரைச் சொல்வது வழக்கம் என்று லிவர்பூல் குரு அப்போதே சொல்லியிருக்கிறார். ஆகவே அவன் கல்மானின் மகன் அஷேர். அப்பா பெயரிலேயே அப்பா அவனை அழைக்கப்போகிறார். அதை நினைத்தால் எனக்கு இப்போதே கண் நிறைகிறது.

அப்பாவுக்குச் சாம்பல் நிறக் கம்பளியில் ஒரு ஜோடி கையுறை பின்னிக் கொடுத்தனுப்புகிறேன். நான் பின்னியது என்று சொல்ல வேண்டுமா, நீயே பார்த்துச் செய்.

உன் அக்கா,
ஹிண்டா

*

பாங்கர்
25 நவம்பர் 1957

செலிக்,

எம்ரிஸ் நேற்று மாலை ரயிலில் நேராக இங்கே வந்துவிட்டான். சாப்பிடவில்லை. அங்கே நடந்ததைச் சொன்னான்.

வாசலில் அப்பா அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாராம். "வாப்பா, வா. உன்னாலதான் இன்னிக்குச் சுருளைத் திறக்கப் போறோம்" என்றாராம். பிரார்த்தனையில் இவன் குரலைக் கேட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாராம். தாத்தா எல்லோர் எதிரிலும் உரிமை கொண்டாடக் கூச்சப்படுகிறார் என்று என் பிள்ளை நினைத்திருக்கிறான். சுருளை மேடையில் வைத்ததும் அப்பாவே இறங்கி வந்து, "விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை" என்றாராம். நீ பாய்ந்து வந்தாயாம்.

"வேண்டாம்ப்பா, பையன் கூச்சப்படுவான்."

"நீ சும்மா இருடா. பேர் என்னப்பா உனக்கு?"

"அஷேர்."

"யார் மகன்?"

"கல்மான் மகன்."

"அட, என் பேரு! எந்த ஊர்க் கல்மான்ப்பா?"

"நீங்கதான் தாத்தா."

அப்பா அவன் கையை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தாராம். அவனை இல்லை, உன்னை. பிறகு ஜெபச் சால்வையைக் கழற்றி நாலாக மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு, இருமிக்கொண்டே வெளியே போய்விட்டாராம். மிச்சம் ஒன்பது பேர். திறந்த சுருளை மறுபடி சுற்றி, உறை போட்டு, உள்ளே வைத்தீர்கள். என் பிள்ளை அதற்கும் கைகொடுத்தான்.

நீ அவரிடம் சொல்லவே இல்லை. நான் இரண்டு கடிதத்தில் கேட்டும் நீ இருமலையும் கூரையையும் எழுதினாய். யாரோ ஊர்பேர் தெரியாத ஒரு பையன் என்று சொல்லி என் மகனைப் பின்வாசல் வழியாக நுழைத்திருக்கிறாய். கோப்பல் வீட்டில் ஏன் தங்க வைத்தாய் என்று இப்போது புரிகிறது. பெயரை என்ன சொல்வான் என்று நான் தெளிவாக எழுதியிருந்தேனே, அப்போதாவது அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே? இப்போது அப்பா கண்ணுக்கு நான் செத்தவள் மட்டுமில்லை, திருட்டுத்தனம் செய்தவளும்கூட.

கையுறையைக் கோப்பல் வீட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். வேண்டுமானால் கொடு, இல்லாவிட்டால் அடுப்பில் போடு.

ஹிண்டா

*

பாங்கர்
15 டிசம்பர் 1957

செலிக்குக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கோபத்தில் எழுதினேன்தான். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனாலும் அன்று அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட்டாரா, படுத்துவிட்டாரா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னைத் திட்டினார் என்றால் அதையாவது எழுது. திட்டு வாங்கவும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஹிண்டா

*

பாங்கர்
26 ஜனவரி 1958

செலிக்,

எல்லோரும் நலமா? தென்பக்கம் பனி அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பாவை வெளியே விடாதே.

அப்பாவுக்கே எழுதலாம் என்று இரண்டு தடவை காகிதம் எடுத்தேன். செத்தவள் கடிதத்தை அவர் பிரிக்கமாட்டார், எனக்குத் தெரியும். எம்ரிஸ் இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்கிறான். "கதவைச் சாத்தினா திரும்பி வந்துடறேன், எனக்கென்ன நஷ்டம்?" என்கிறான். நீ வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அப்பா வேண்டாம் என்றால் அனுப்பமாட்டேன். ஒரு வரி போடு. தபால் அட்டை போதும்.

ஹிண்டா

*

அபர்கெலின்
16 பிப்ரவரி 1958, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அப்பா ஜனவரி 14-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். நெஞ்சில் சளி. அதிகம் கஷ்டப்படவில்லை. மறுநாளே அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தோம். கார்டிஃபிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏழு நாளும் முறைப்படி நடந்தன. இங்கே ஒரே அலைச்சல், உடனே எழுத முடியவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது என்று என் மனைவி சொல்கிறாள். எம்ரிஸ் வந்துபோன பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் வாசலில் நின்றார். "வந்தானா?" என்றார். "யாருப்பா?" என்றேன். "உனக்குத் தெரியாதாடா?" என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். ஏழு சனிக்கிழமை நின்றார். பனியில் நிற்க வேண்டாம் என்று கோப்பல்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லியும் கேட்கவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டுதான் நின்றார், யார் பின்னியது என்று கேட்கவில்லை. கடைசிச் சனிக்கிழமை வீடு திரும்பும்போது, "ஒரு எழுத்துப் பிசகாமப் படிச்சான். அவ நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கா" என்றார்.

உனக்கு வீணாக நம்பிக்கை கொடுக்க வேண்டாம் என்றுதான் அப்போது எழுதவில்லை. அவர் மனது எந்த நேரம் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு நான் பதினோரு மாதம் கதீஷ் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் நம்மவர், அவரைச் சேர்த்தால் மறுபடி ஒன்பது. கார்டிஃப் சபையாரும் சுருள்களை எடுப்பதைப் பஸ்கா வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். பழையதை மனதில் வைக்காமல் எம்ரிஸை அனுப்பு. அப்பாவின் ஆத்மாவுக்காகக் கேட்கிறேன்.

துயரத்துடன்,
செலிக்

*

பாங்கர்
23 பிப்ரவரி 1958

செலிக்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்பா போய் முப்பத்தைந்து நாள். முப்பது நாளுக்குள் சேதி வந்தால் ஏழு நாள் துக்கம், முப்பது தாண்டி வந்தால் ஒரே ஒரு மணி நேரம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதில் அதுவும் ஒன்று. உனக்கும் தெரியும். நான் இருபத்தாறாம் தேதி எழுதியபோது அவர் மண்ணுக்குள் போய்ப் பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை. தபால் அட்டை போதும் என்று கெஞ்சியிருந்தேன். என் அப்பாவுக்காக நான் ஏழு நாள் அழுதால் நான் அவர் மகள் என்று ஆகிவிடும், அதைக்கூட உன்னால் தாங்க முடியவில்லை.

ஏழு சனிக்கிழமை பனியில் நின்றிருக்கிறார். கார்டிஃப் ஒரு மணி நேரப் பயணம் என்று நீதான் எழுதினாய். முதல் சனிக்கிழமையே நீ ஒரு வரி போட்டிருந்தால் அடுத்ததற்கு என் பிள்ளை அங்கே வந்து நின்றிருப்பான். "அவ" என்று சொன்னாராமே. அதற்காகத்தான் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் சட்டைப்பையில் போட்டு வைத்துக்கொண்டாய்.

ஏன் என்று ஐந்து நாளாக யோசித்தேன். நீ கெட்டவன் இல்லை, பயந்தவன். அப்பா சொன்னார் என்று சட்டையைக் கிழித்தாய், அப்பா சொன்னார் என்று இருபத்துநாலு வருஷம் அக்கா இல்லாமல் இருந்தாய். அப்பாவே என்னைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டால், இத்தனை வருஷம் நீ செய்ததற்கு அர்த்தம் என்ன? பாவம் முழுக்க உன் தலையில் அல்லவா விழும்? அதனால் கிழவரை வாசலிலேயே நிற்க விட்டாய்.

எம்ரிஸிடம் படித்துக் காட்டினேன். "எனக்காக நின்னாரில்ல? நான் போய் நிக்கறேன்மா" என்றான். வருவான். சனிக்கிழமை தவறாமல் வருவான். பத்தாவது ஆளாக நிற்பான், பேரன் என்ற முறையில் அவனும் கதீஷ் சொல்வான், அவனை அழைக்கும்போது கல்மானின் மகன் அஷேர் என்று நீ உன் வாயால் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூத்த கோப்பல் வீட்டிலேயே தங்கிக்கொள்வான். உன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். என்னைப் பற்றி அவனிடம் விசாரிக்காதே.

செவ்வாய்க்கிழமை இட்ரிஸ் கொல்லையிலிருந்து தாழ்ந்த முக்காலியை எடுத்து வந்து துடைத்துப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, ரவிக்கையின் கழுத்தோரம் கிழித்துக்கொண்டு, அப்பாவுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நேரம் ஆனதும் இட்ரிஸ் எழுப்ப வந்தார். "இருங்க, இன்னொருத்தர் இருக்கார்" என்றேன். உனக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

ஹிண்டா